மிச்சச் சாய்வு யார் கணக்கு?

இந்திய தர நிர்ணய அமைவனம் 2025 நவம்பரில் நிலநடுக்க வடிவமைப்பு விதியான ஐஎஸ் 1893-இன் திருத்திய பதிப்பை வெளியிட்டு, இமயமலை வளைவு முழுவதையும் புதிதாகப் பிறந்த ஆறாம் மண்டலத்தில் வைத்துவிட்டது. செலவு ஏறும் என்று கட்டுமானத் துறையில் முணுமுணுப்பு. எங்கள் நிலை எளிது: வரைபடத்தை ஏற்கிறோம். அந்த ஆண்டு பிப்ரவரி 17 விடியற்காலை, டெல்லியின் தௌலா குவான் பக்கம் மையம் கொண்ட 4.0 நடுக்கத்தில் கட்டிலோடு ஆடி விழித்தவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்?

நம் சங்கடம் வேறு இடத்தில். ஐஎஸ் 1893 கேட்கும் கேள்வி, நிற்குமா என்பது. சுத்திகரிப்பு ஆலையின் வடிகோபுரத்தைப் பொறுத்தவரை அது பாதிக் கேள்வி. கட்டடத்தில் மாடிக்கு மாடி, மாடி உயரத்தில் 0.004 பங்கு வரை பக்கப் பெயர்வை விதி அனுமதிக்கிறது. அது ஆடும் நொடிகளுக்கான கணக்கு. ஆடி முடித்தபின் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கி, மீந்து நிற்கும் சாய்வு யார் கணக்கு?

மீட்டருக்கு இரண்டரை மில்லிமீட்டர் சாய்வு என்று வையுங்கள். 60 மீட்டர் கோபுரத்தின் உச்சி 15 சென்டிமீட்டர் விலகும். தரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். உள்ளே 4 மீட்டர் விட்டத்தில், பேக்கிங் மேல் திரவத்தைப் பரப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரின் ஒரு விளிம்பு மற்றதைவிட 10 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். நடுவில் 100 மில்லிமீட்டர் திரவ உயரம் இருந்தால் தாழ்ந்த பக்கத் துளை 5 சதவீதம் கூடுதலாக ஊற்றும், பொறுத்துக்கொள்ளலாம். ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். உயரம் 25-க்கு இறங்கும், வித்தியாசம் 22 சதவீதமாகும். முழு லோடில் நல்ல பிள்ளையாக இருந்த கோபுரம் குறைந்த லோடில் தரம் தவறுவதன் ரகசியம் பல இடங்களில் இதுவாக இருக்கலாம். தட்டுக் கோபுரம் கொஞ்சம் பொறுமைசாலி. ஆனால் சாய்வு ஓட்டத்துக்குக் குறுக்கே அமைந்தால் வியரின் ஒரு முனையில் வழிந்து, மறுமுனை காய்ந்து கிடக்கும்.

பிறகு நடப்பது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆபரேட்டர் ரீஃப்ளக்ஸைக் கூட்டுவார், ரீபாய்லர் நீராவி ஏறும், பழி ஃபீடின் மேல் விழும், கடைசியில் பேக்கிங்கையே மாற்றுவார்கள். அதோடு வந்த புதிய டிஸ்ட்ரிப்யூட்டரை உள்ளே ரசமட்டம் வைத்துச் சரிசெய்ததும் எல்லாம் தீர்ந்துவிடும். பெருமை மட்டும் புதிய பேக்கிங்குக்கு.

டெல்லியைச் சுற்றி மதுரா, பானிப்பட்டு சுத்திகரிப்பு ஆலைகள் யமுனையின் வண்டல் சமவெளியில் நிற்கின்றன. மதுரா ஆலை 1982-இலிருந்து இயங்குகிறது. இத்தகைய மண்ணில் நிற்கும் கோபுரத்தை, நிறுவிய அன்று தியோடலைட் வைத்துப் பார்த்ததோடு விட்டுவிட முடியுமா? ஒவ்வொரு ஷட்டவுனிலும், உணரத்தக்க ஒவ்வொரு நடுக்கத்துக்குப் பின்னும் செங்குத்து அளவை கட்டாயம் என்று விதியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி, விதி வகுக்கும் ஒரு குழுவுக்கு நாங்கள் மூன்று முறை எழுதினோம். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, அது உற்பத்தியாளர் விவரக்குறிப்பில் அடங்கும் என்று ஒற்றை வரி. இருபது ஆண்டு கழித்து இறங்கும் மண்ணுக்கு உற்பத்தியாளர் எப்படிப் பொறுப்பேற்பார்? மண்ணைப் பற்றிப் பேச மண் நிபுணர், கம்பியைப் பற்றிப் பேசக் கட்டமைப்பு நிபுணர். உள்ளே ஓடும் திரவத்துக்காகப் பேச அந்த மேசையில் ஒரு நாற்காலி இல்லை. கொத்தனார்கூடச் சுவர் எழும்ப எழும்பத் தூக்குக்குண்டு போட்டுப் பார்க்கிறார்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஷட்டவுனில் உங்கள் கோபுரங்களின் சாய்வை, திசையோடு, அளந்து நிறுவிய நாளின் பதிவோடு ஒப்பிடுங்கள். ஆலையின் பெயர் வேண்டாம்; எண்களை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள்.