நடப்பவரைக் கேட்டுவிட்டுச் சாலை போடுங்கள்: கெடா தோட்டப்புற, நகர மக்களின் கோரிக்கைச் சாசனம்

கெடா மாநில அரசுக்கும், பொதுப்பணி இலாகாவுக்கும், நகராண்மைக் கழகங்களுக்கும், தோட்ட நிர்வாகங்களுக்கும்:

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், லுனாஸ், பாடாங் செராய் வட்டாரங்களில் அன்றாடம் நடந்து போய்வரும் நாங்கள் இதை முன்வைக்கிறோம்.

தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் லயங்களை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தன. தமிழ்ப்பள்ளியும் கோயிலும் பல இடங்களில் பழைய தோட்டத்திலேயே நிற்கின்றன. பிள்ளையைப் பள்ளியில் விடவும், வெள்ளிக்கிழமை விளக்கேற்றவும் பெரிய சாலையைக் கடந்தாக வேண்டும். தோட்டத்து முச்சந்தியில் நின்று பாருங்கள்: தார் முடிந்ததும் புல், புல்லை ஒட்டி மூடியில்லாத கால்வாய். செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்க ஓரடி இடம் கிடையாது. நகரத்திலோ கடைமுன் அஞ்சடி நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள்களும் கடைச் சரக்கும். சக்கர நாற்காலியில் வருபவர் சாலையில்தான் இறங்க வேண்டியிருக்கிறது.

2019இல் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் மாண்டார்கள். 2022–2030க்கான தேசியச் சாலைப் பாதுகாப்புத் திட்டம் மரணங்களைப் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கு எங்கள் முச்சந்திக்கும் வந்து சேர வேண்டும்.

முதலில் எங்களைக் கேளுங்கள். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976இல் சட்டப்படியே நீக்கப்பட்டது. நகராண்மைக் கழக உறுப்பினர்களை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். ஆகவே கருத்துக்கேட்பை நாங்கள் சடங்காக ஏற்க முடியாது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வையிடவும் ஆட்சேபம் சொல்லவும் வழி செய்திருக்கிறது. ஆனால் வரைவு அலுவலக நேரத்தில் மட்டும் பார்வைக்கு இருந்தால், விடியுமுன் வேலைக்குக் கிளம்புபவர் அதை எப்போது பார்ப்பார்?

கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தோட்டத்து மண்டபத்தில், விடுமுறை நாளில் வையுங்கள். தமிழிலும் நடத்துங்கள். மூதாட்டிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் பேச விடுங்கள். அதே சாலையோரம் நடக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களையும் கேளுங்கள். பொறியியலாளர்கள் எங்களோடு நடந்து பார்க்கட்டும்: காலை இருட்டில், பள்ளி விடும் நேரத்தில், தைப்பூச இரவில். நாங்கள் சொன்னவற்றில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் மறுத்தீர்கள் என்று 60 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். எங்கள் மக்களுக்கு ஊர்க்காரியம் பேசத் தெரியும். 1947இல் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லித் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை திரண்டது இதே பீடோங் வட்டாரத் தோட்டங்களில்தான்.

அடுத்தது பொறுப்பு. கூட்டரசுச் சாலை பொதுப்பணி இலாகாவினுடையது, தாமான் சாலை நகராண்மைக் கழகத்தினுடையது, தோட்டச் சாலை நிறுவனத்தினுடையது. நடப்பவருக்கு அது ஒரே வழி. புகாரைப் பெற்று, உரியவரிடம் சேர்த்து, முடியும்வரை தொடர ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கூட்டுக்குழு வேண்டும். அதில் குடியிருப்பாளர்களும் உட்கார வேண்டும்.

பிறகு வேகம். வாகனமும் ஆளும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகம் என்று சாலைப் பாதுகாப்புக்கான 2020 ஸ்டாக்ஹோம் உலக மாநாட்டுப் பிரகடனம் சொன்னது. சுங்கைப்பட்டாணியையும் பீடோங்கையும் ஊடுருவிப் போகும் முதலாம் கூட்டரசுச் சாலையில், மக்கள் கடக்கும் இடங்களிலாவது அதை நடைமுறைப்படுத்துங்கள். பலகை மட்டும் போதாது. வேகத்தடையும் நடுத்திட்டும் வேண்டும். முதியவர் மறுகரை சேரும்வரை பச்சை விளக்கு நிற்க வேண்டும்.

சில வேலைகள் கருத்துக்கேட்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி வாசலில் விளக்கு, கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு, கால்வாய்க்கு மூடி. இந்த மூன்றையும் அடுத்த பள்ளித் தவணை தொடங்குமுன் முடித்துத் தாருங்கள்.