ஸ்கேன் ‘நார்மல்’ என்றால் நோய் இல்லையா?

மனச்சிதைவு நோயாளியை அழைத்துவரும் குடும்பத்தினர் வழக்கமாகக் கேட்பது, “தலையில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா, டாக்டர்?” என்பதுதான். எடுக்கிறார்கள். ‘நார்மல்’ என்று அறிக்கை வருகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ‘மூளையில் ஒன்றும் இல்லையாம், எல்லாம் நடிப்பு’ என்கிறார் ஓர் உறவினர். ‘அப்புறம் மாத்திரை எதற்கு?’ என்கிறார் இன்னொருவர். சிகிச்சை பாதியில் நின்றுபோகிறது.

வழக்கமான ஸ்கேன் காட்டுவது மூளையின் அமைப்பை. கட்டி, ரத்தக்கசிவு, பழைய காயம் போன்றவை இல்லை என்று உறுதிசெய்ய அது உதவும். தீவிர மனநோய்களில் பெரிய மாற்றம் நிகழ்வது மூளையின் செயல்பாட்டில். அதுவும் ஒரே நிலையில் நிற்பதில்லை.

குரல் பிறக்கும் இடம்

மூளையின் மின்னலைகளை மனிதரிடம் முதன்முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கர் ஒரு மனநல மருத்துவர். 1929இல் அதை வெளியிட்டபோது, மனதின் இயக்கத்துக்கு உடல்ரீதியான தடயம் தேடுவதே அவர் நோக்கம். 1974இல் ஸ்வீடனின் லுண்ட் நகர ஆய்வாளர்கள், நாள்பட்ட மனச்சிதைவில் மூளையின் முன்பகுதிக்கு ரத்த ஓட்டம் ஒப்பீட்டளவில் குறைந்திருப்பதைக் கண்டனர். ‘முன்மூளை சோம்பிவிட்டது’ என்ற எளிய விளக்கம் வெகுகாலம் நிலைக்கவில்லை. கொடுக்கப்படும் வேலையின் கடினத்தைப் பொறுத்து அதே பகுதி சில நேரம் இயல்பைவிடக் குறைவாகவும், சில நேரம் அதிகமாகவும் இயங்குவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

1993இல் லண்டனில் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. யாரும் பேசாமலேயே காதில் குரல் கேட்கும் நேரத்தில் நோயாளிகளின் மூளையைப் படமெடுத்தனர். குரல் ஓய்ந்த பிறகு அதே நோயாளிகளை மீண்டும் எடுத்தனர். குரல் கேட்டபோது, பேச்சை உருவாக்கும் ‘புரோக்கா’ பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. நாம் பேசும்போது, ‘இது என் குரல்தான்’ என்று மூளை முன்கூட்டியே தனக்குச் சொல்லி, கேட்கும் பகுதியைச் சற்று அடக்கிவைக்கிறது. மனச்சிதைவில் இந்த அடக்கம் பலவீனமாக இருப்பதை மின்னலை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தன் உள்பேச்சே அந்நியக் குரலாக ஒலிப்பதற்கு இது ஒரு விளக்கம். எப்படிப் பார்த்தாலும், நோயாளி பொய் சொல்லவில்லை. அவர் மூளையில் அந்தக் குரல் உண்மையிலேயே நிகழ்கிறது.

சராசரி வேறு, தனிமனிதர் வேறு

அப்படியானால், செயல்பாட்டைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்து நோயைக் கண்டறியலாமே? முடியாது. மேற்சொன்னவை நோயாளிகள் குழுவையும் நோயற்றவர்கள் குழுவையும், அல்லது ஒரே குழுவின் இருவேறு நிலைகளை ஒப்பிட்டுக் கிடைத்த சராசரிகள். தனிமனிதர் என்று வரும்போது இரு குழுக்களும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. மனச்சிதைவிலும் இருதுருவ மனநோயிலும் காணும் மாற்றங்களுக்கிடையே தெளிவான எல்லைக்கோடும் இல்லை. மருந்து, புகைப்பழக்கம், ஸ்கேனுக்குள் தலை அசைவது எல்லாமே படத்தை மாற்றும். 2020இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், ஒரே எஃப்.எம்.ஆர்.ஐ. தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தபோது பல கேள்விகளுக்கு அவை வெவ்வேறு முடிவுகளைத் தந்தன. வண்ணப்படம் ஒன்றைக் காட்டி ‘இதுதான் உங்கள் நோய்’ என்று யாரேனும் கட்டணம் கேட்டால், சந்தேகப்படுவதே அறிவுடைமை.

எதில் செலவிட வேண்டும்?

மூளைச் செயல்பாடு மாறிக்கொண்டே இருப்பது நம்பிக்கையூட்டும் செய்தியும்கூட. மாறக்கூடியது தேறவும் கூடும். சென்னையில் 1981இல் தொடங்கிய ஆய்வு, முதன்முறை மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரைத் தொடர்ந்து கண்காணித்தது. பத்தாண்டு முடிவில் பெரும்பாலானோரின் நோய்ப்போக்கு நல்ல நிலையிலேயே இருந்தது. மனச்சிதைவு என்றாலே முடிந்துபோன வாழ்க்கை என்ற எண்ணத்தை அது உடைத்தது. ஆனால், 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, தீவிர மனநோய் கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. இந்த இடைவெளியை இயந்திரம் அடைக்காது. முதல் அறிகுறி தெரிந்ததும் அழைத்துவர ஒரு வழி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றி மாத்திரை, வீடு தேடிவரும் களப்பணியாளர் ஆகியவையே அடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்துக்கான நிதியும் ஆளும் இவற்றுக்கே முதலில் போக வேண்டும்.

செலவில்லாத சீர்திருத்தம் ஒன்றும் உண்டு. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும் மருத்துவர், ‘இது வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான்; நார்மல் என்று வந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது’ என்று குடும்பத்திடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.