விளையாட்டுக் கவசமும் கூத்துக் கட்டையும்

"எந்தச் சண்டைக்குடா இது?" என்று கோவளத்தில் ஒரு மூதாட்டியார் தம் பேரனை வினவியதை யான் அருகிருந்து கேட்டேன். பேரன் நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவன். மொட்டைமாடியில், வலை உலர்த்தும் கயிற்றின் நிழலில், பழைய பாயொன்றை விரித்து, அதன்மேல் மார்புக்கவசம், தோட்கவசம், முன்கைக்கவசம், தலைச்சீரா என்பவற்றை வரிசையாக வைத்திருந்தான். "சண்டைக்கு இல்லே ஆயா, விளையாட்டுக்கு" என்றான் அவன். "விளையாட்டுக்கா இம்மாம் பாடு?" என்று கூறி அவ்வம்மையார் கீழே இறங்கிவிட்டார்.

யான் அவ்வில்லத்திற்குச் சென்றது வேறொரு காரியமாக. பருவத் தேர்வில் அவன் கணக்குப் பாடத்தில் தவறியிருந்தான். அதனை அவன் தந்தையார்க்கு அறிவித்து, மாலைப் பொழுதை அவன் எவ்வாறு கழிக்கின்றான் என்று உசாவவே சென்றேன். மாடியிற் பரந்து கிடந்த கவசங்களைக் கண்டதும் விடை கிடைத்துவிட்டதென்று எண்ணினேன். ஆசிரியர்க்கு இயல்பான முறையிற் கடிந்தும் பேசினேன். அன்று யான் பேசியது தவறு என்பதை ஒப்புக்கொள்ளவும், இத்தொழிலைப் பற்றி நம் கல்லூரி எவ்வாறு எண்ணுதல் வேண்டும் என்பதைக் கூறவுமே இக்கட்டுரை எழுதலாயிற்று.

வீடியோ விளையாட்டுகளிலும் சித்திரக் கதைகளிலும் வரும் வீரரைப்போல உடையும் கவசமும் சமைத்து அணிதல் இற்றைநாள் இளைஞரிடையே ஒரு கலையாக வளர்ந்து வருகின்றது. 1939-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிற் கூடிய முதல் உலக அறிவியற் புனைகதை மாநாட்டிற்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்பாரும் மிர்ட்டில் டக்ளஸ் என்பாரும் எதிர்கால மாந்தரைப்போல உடுத்து வந்தனர். அவ்வுடைகளை ஆக்கியவர் டக்ளஸ் அம்மையாரே. 1980-களில் ஜப்பானியர் இதற்குக் 'காஸ்ப்ளே' எனப் பெயர் வழங்கினர். நம் நாட்டில் 2011-இல் டில்லியில் தொடங்கிய காமிக் கான் என்னும் விழா 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முதன்முறையாகச் சென்னை நந்தம்பாக்கத்தில் நடைபெற்றது. அத்தகைய விழாவிற்கு அணிந்து செல்லவே நம் மாணவன் 2001-இல் வெளிவந்த 'ஹேலோ' என்னும் விளையாட்டின் வீரனுடைய பச்சைக் கவசத்தைச் சமைத்துக்கொண்டிருந்தான்.

அவன் அதனைச் சமைத்த முறை கேட்கத் தக்கது. கணினியில் உள்ள முப்பரிமாண உருவைப் பல தட்டைத் துண்டுகளாக விரித்துக் காட்டும் 'பெப்பகுரா' என்னும் ஜப்பானிய மென்பொருளினால் முதலிற் காகித அச்சுகளை எடுத்தான். ஆறடி உயரத்தார்க்கு அமைந்த அச்சை ஐந்தடி ஆறங்குல உடம்பிற்குப் பன்னிரண்டிற்குப் பதினொன்று என்னும் விகிதத்திற் சுருக்கினான். அச்சுகளை, குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் ஈ.வி.ஏ. என்னும் நுரைத்தகட்டின்மேல் வரைந்து கூரிய கத்தியால் அறுத்தான். அத்தகடு வெப்பக்காற்று பட்டால் இளகும். இளகியபொழுது வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அவ்வளைவிலேயே நிற்கும். விளிம்புகளைச் செருப்புத் தைப்பவர் கையாளும் ரப்பர்ப் பசையால் ஒட்டி, மேலே பூச்சிட்டு, வண்ணந் தீட்டினால் நுரை இரும்பாகத் தோன்றும். பொருத்துவதற்கு வார்களும் கொக்கிகளும் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் முன்கைக்கவசம் அவன் கையில் நுழையவில்லை. கையின் சுற்றளவு 30 சென்டிமீட்டர்; ஆதலின் 10 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள தகட்டை 30 சென்டிமீட்டர் நீளத்திற்கு அறுத்து வளைத்திருந்தான். எங்கே பிழைத்தோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. யான் கடிந்து முடித்தபின் அவன் அமைதியாக என்னிடம் கேட்ட வினா இதுவே. தடித்த தகட்டை வளைத்தால் உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் விரியும், இடையில் உள்ள கோடே தன் நீளம் மாறாது நிற்கும் என்றும், ஆகவே உட்சுற்று ஏறக்குறைய 27 சென்டிமீட்டரே ஆகும் என்றும், வேண்டிய நீளத்தைப் பெற அளவுடன் தடிப்பைப் 'பை' என்னும் எண்ணாற் பெருக்கிக் கூட்டுக என்றும் கூறினேன். அவன் கரித்துண்டால் மாடிச்சுவரில் அதனை எழுதினான். அந்த எண்ணை யான் வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றேன். அவன் அதனைத் தனக்கு வேண்டியதொன்றாக ஏற்றுக்கொண்டதை அன்றுதான் கண்டேன்.

"இஃது பிள்ளைவிளையாட்டு, காலத்திற்கும் பொருளுக்கும் கேடு" என்பது பெரியோர் கூற்று. அதனை முற்றும் மறுப்பதற்கில்லை. பிறர் சமைத்து விற்கும் கவசத்தை விலைகொடுத்து வாங்கி அணிந்து படம் எடுத்துக்கொள்ளுதல் ஒருநாட் பெருமையேயன்றி வேறில்லை. அதனால் அறிவும் வளராது, கையும் பழகாது. தந்தை கடலிற் சென்று ஈட்டிய பொருளை அதற்குச் செலவிடுதல் அறமும் ஆகாது. ஆயின் தானே அளந்து, தானே அறுத்து, தானே பிழைத்து, தானே திருத்திச் சமைப்பவன் நிலை வேறு. அவன் வடிவியல் கற்கின்றான். பொருள்களின் இயல்பு கற்கின்றான். எல்லாவற்றினும் மேலாக, பிழைத்த துண்டை எறிந்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் பொறுமையைக் கற்கின்றான். இப்பொறுமையைத் தேர்வுத்தாள் அளப்பதில்லை என்பதால் அஃது இல்லை என்று ஆகிவிடுமா?

இனி, இத்தொழில் முற்றும் அயல்நாட்டது என்று எண்ணுவாரும் உளர். அன்று மாலை அம்மூதாட்டியார் மீண்டும் மாடிக்கு வந்து, கவசத்தைத் தொட்டுப் பார்த்து, "கண்ணாடி வைக்கலியே, விளக்கு வெளிச்சத்துல மின்னாதே" என்றார். இளமையிற் பக்கத்து ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடியவிடியக் கூத்துப் பார்த்தவர் அவர். கர்ணனுடைய மார்ப்பதக்கத்தை நினைத்தே அவ்வாறு கூறினார். அச்சொல் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை முதலிய வடதமிழ்நாட்டுப் பகுதிகளில் பாரதக் கூத்து ஆடுவோர் அணியும் கிரீடம், சிகரேக்கு, புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவை மரத்தால் ஆனவை. எடை குறைந்த கல்யாணமுருங்கை மரத்தைக் குடைந்து செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் மினுக்குத் தாளும் பதித்து அவற்றை ஆக்குவர். இவ்வணிகளுக்குக் 'கட்டை' என்பது பெயர்; அதனாலேயே இக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்னும் பெயரும் வழங்குகின்றது. இரவு முழுதும் சுழன்றாடும் ஒருவன் தாங்கத் தக்க எடை, தொலைவில் அமர்ந்திருப்பார் கண்ணுக்கும் அரசனாகத் தோன்றத் தக்க அகலம், விளக்கொளியை வாங்கி எறியத் தக்க பளபளப்பு ஆகிய இம்மூன்றையும் ஒரு மரத்துண்டில் அமைத்தல் எளிதன்று. நுரைத்தகட்டில் நம் மாணவன் தேடியவையும் இம்மூன்றேயன்றோ? கோவளத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ள மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் பெரும்பாறையிற் செதுக்கிய காட்சியை அருச்சுனன் தபசு என்று பலரும் வழங்குகின்றனர். அதே தபசைக் கூத்தர் இன்றும் உயர்ந்த கம்பத்தில் ஏறி ஆடிக் காட்டுகின்றனர். கோவளத்தில் நின்ற கோட்டையோ 1752-இற் கிளைவ் படையாற் கைப்பற்றப்பட்டுத் தகர்ந்தது. கல்லரண் அழிந்தது, கூத்தனின் மரக்கவசம் நிலைத்தது.

ஆயினும் அது நம் போன்ற கல்வி நிலையங்களால் நிலைத்ததன்று. ஆங்கிலக் கல்வி பெற்றோர் நெடுங்காலம் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கினர். அக்குறையை உணர்ந்தோரும் பின்னர்த் தோன்றினர். 1977-இல் ந. முத்துசாமி அவர்கள் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கி, புரிசை கண்ணப்ப தம்பிரான் அவர்களை ஆசானாகப் போற்றினார். 1990-இற் காஞ்சிபுரத்தில் பெருங்கட்டூர் ராஜகோபால் அவர்களும் நெதர்லாந்து நாட்டு ஹன்னே டி ப்ருயின் அம்மையாரும் கூத்தருடன் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கம் நிறுவினர். 2002-இல் அவர்கள் தொடங்கிய குருகுலத்திற் சிறுமியரும் கூத்துப் பயின்றனர்; அக்குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. அயல்நாட்டு விளையாட்டு வீரனின் கவசத்தைச் சமைக்கக் கணினியில் ஆசான்மாரைத் தேடும் நம் மாணவர், ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கும் ஆசான்மாரை அறியாதிருப்பது அவர்கள் குற்றமன்று. அறிவிக்கத் தவறிய நம் குற்றமே அது.

இவ்விரண்டிற்கும் ஒரு வேற்றுமையும் உண்டு. கூத்தன் கட்டை அணிவது ஊரார்க்காக. அவன் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும்பொழுது ஊரே ஒரு கதைக்குள் நுழைகின்றது. விழாவிற் கவசம் அணிபவனோ பெரும்பாலும் ஒரு படத்துடன் நின்றுவிடுகின்றான். கவசத்துக்குப் பதிற்றுப்பத்து 'மெய்ம்மறை' என்னும் சொல்லை வழங்குகின்றது. தன் வீரரைக் காக்கும் அரசனையே அவர்க்கு மெய்ம்மறை என்று அது போற்றுகின்றது. பிறரைக் காப்பதே கவசத்தின் பெருமை என்பது பண்டையோர் கருத்துப்போலும். திருமறையிலும் சவுல் மன்னன் தன் கவசத்தைத் தாவீதுக்கு அணிவித்த வரலாறு உண்டு. தனக்குப் பழக்கமில்லாத கவசத்தோடு நடக்கக்கூடாமல் அதனைக் களைந்துவிட்டு, தான் கையாண்டு பழகிய கவணையே எடுத்துச் சென்றான் அவ்விளைஞன். இரவற் கவசம் எவர்க்கும் பொருந்தாது. நம் இளைஞர் முதலில் 'ஹேலோ' வீரனைச் சமைக்கட்டும், கை பழகட்டும். பழகிய கை அங்கேயே நின்றுவிடாமல், நம் நாட்டு வீரர்க்கும், தாமே கற்பித்துக்கொள்ளும் புதிய கதைகளுக்கும் கவசம் சமைக்கட்டும் என்பதே என் விருப்பம்.

இத்தொழிலிற் கவனிக்க வேண்டிய இடர்களும் சில உள. ரப்பர்ப் பசையின் ஆவி தலைச்சுற்றலைத் தருவது; அடைத்த அறையில் அதனைக் கையாளுதல் ஆகாது; திறந்த மாடியே தக்க இடம். நுரைத்தகட்டை அளவிற்கு மிஞ்சிச் சுட்டாற் புகையும், அப்புகையும் தீது. தேய்க்கும்பொழுது எழும் தூளுக்கு முகக்கவசம் வேண்டும். நம் கடற்கரை வெயிலில் நுரைக்கவசம் அணிந்தவன் உடல் வெப்பம் வெளியேறாது; ஆதலின் அடிக்கடி நீர் பருகிக் கழற்றி இளைப்பாறுதல் இன்றியமையாதது. மற்றொன்று: அறுத்தெறியும் நுரைத்துண்டு மட்குவதில்லை, மிதக்கும். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளக் கடற்கரையில் அத்துண்டுகள் ஒதுங்குமாயின், மீன்பிடித்து வாழும் குடியிற் பிறந்தவனே கடலுக்குத் தீங்கு செய்தவன் ஆவான்.

இவற்றையெல்லாம் எண்ணி நம் கல்லூரிக்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றேன். முதலாவது, மாலைநேரங்களில் மாணவர் கைத்தொழில் பயில ஒரு கூடத்தைத் திறந்துவிடுதல். அங்கே கணக்கு ஆசிரியரும் பௌதிக ஆசிரியரும் முறைவைத்து உடனிருத்தல். இரண்டாவது, ஆண்டுக்கொரு முறை கட்டை செதுக்கும் கூத்தக் கலைஞரை அழைத்து, தக்க ஊதியம் அளித்து, ஆசிரியர்க்குரிய இருக்கையில் அமர்த்தி, அவரிடம் மாணவரைப் பயிலச் செய்தல். காட்சிப்பொருளாக அவரை ஆண்டுவிழா மேடையில் ஏற்றி இறக்குவது போதாது. மூன்றாவது, வேடப் போட்டி நடத்துமிடத்து, தன் கையாற் சமைத்ததே ஏற்கப்படும் என்றும், ஆயிரம் ரூபாய்க்கு மேற் செலவிடலாகாது என்றும், எஞ்சிய துண்டுகளைத் திருப்பிக் காட்டுதல் வேண்டும் என்றும் விதி வகுத்தல். இவ்விதியால் செல்வர் வீட்டுப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே நிலையில் நிற்பர்.

அம்மாணவன் அடுத்த தேர்விற் கணக்கில் முதன்மை பெற்றான் என்று எழுதவே விரும்புகின்றேன். ஆயின் அஃது உண்மையன்று. அவன் தேறினான், அவ்வளவே. முன்கைக்கவசத்தை மட்டும் மூன்றாம் முறை சமைத்துக் கையில் நுழைத்துக்கொண்டான். தோட்கவசத்தின் விளிம்பில், தன் ஆயாவின் சொற்படி, சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருக்கின்றான். அவ்வாறு செய்தது விளையாட்டின் மூல உருவத்திற்கு மாறு என்று அவன் நண்பர் குறை கூறினராம். அக்குறையை அவன் பொருட்படுத்தவில்லை. நம் கல்லூரியும் இவ்வகையில் அவனைப் பின்பற்றுமாயின் நன்று.