ரோவரோடு பேட்டரியும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய நில அளவை மற்றும் நிலவரித் திட்ட இயக்குநர் அவர்களுக்கு,

சங்கிலியும் டேப்பும் பிடித்த இடங்களில் இன்று செயற்கைக்கோள் ரோவரை ஊன்றி அளக்கத் தொடங்கியிருப்பதை முழுமனதோடு வரவேற்கிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் அரை கிரவுண்டு மனை என்பது பல குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு. அதன் நாற்பதடிப் பக்கத்தில் எல்லை 20 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஏறத்தாழ 26 சதுர அடி கைமாறிவிடும். அதைத் தடுக்கும் திறன் இக்கருவிக்கு உண்டு. ஆனால் பேட்டரி, சார்ஜர், சிம், கம்பம் ஆகியவற்றையும் கருவியின் உறுப்புகளாகவே எண்ணி வழங்கினால்தான் அந்தத் திறன் வயல்வெளிக்கும் மனைக்கும் வந்துசேரும்.

ரோவர் தனியாக அளப்பதில்லை. கோர்ஸ் எனப்படும் நிலையான நிலையங்களிலிருந்து திருத்தத் தரவு மொபைல் இணையம் வழியே இடைவிடாமல் வர வேண்டும். 'ஃபிக்ஸ்' கிடைத்தால் பிழை ஓரிரு சென்டிமீட்டர்தான். தரவு அறுந்து 'ஃப்ளோட்' நிலைக்கு இறங்கினால் எல்லைத் தகராறுக்குப் போதுமான பிழை வந்துவிடும். இதற்கெல்லாம் பேட்டரிதான் ஆதாரம். ஆனால் பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிறுத்திய ஜீப்புக்குள் வெப்பம் அதை எளிதாகத் தாண்டும். அந்தச் சூட்டிலேயே கிடக்கும் பேட்டரி ஆண்டுக்காண்டு தேய்கிறது. சார்ஜ் இறங்க இறங்க அளவருக்கு அவசரம் கூடும். அப்போது முதலில் கைவிடப்படுவது, அளந்த கல்லைச் சற்று நேரம் கழித்து மறுபடி அளந்து சரிபார்க்கும் வேலைதான். எனக்கு அதிகம் கவலை தருவது இதுவே. கம்பத்தின் கதையும் அப்படித்தான்: 2 மீட்டர் கம்பம் ஒரு டிகிரி சாய்ந்தால் உச்சி மூன்றரை சென்டிமீட்டர் விலகும், மட்டம் காட்டும் குமிழியும் தாங்குகாலும் சரியில்லையென்றால் ஃபிக்ஸ் கிடைத்தும் பயனில்லை.

1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்தபோது, நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் தாங்கிப் பிடித்து, வெயில் படாமல் மறைத்து, வெப்பமானி வைத்து நீட்சியைக் கணக்கிட்டார். சங்கிலிக்குக் காட்டிய அந்தக் கவனம் பேட்டரிக்கும் வேண்டும்.

செலவு கூடுமே என்று கேட்கலாம். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் உபரி பேட்டரியின் விலை சிறியது. ஒரு மனையை மறு அளவை செய்ய ஆகும் ஆள், நாள், வழக்குச் செலவுகள் அப்படியல்ல. பவர் பேங்க் போதாதா என்றால், எல்லாக் கருவிகளும் அதை ஏற்பதில்லை. கோணமும் தொலைவும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனே போதும் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் சமிக்ஞையை எதிரொளிக்கும், குறுகிய சந்துகளில் வானமே தெரியாது. அங்கே திறந்த இடத்தில் ரோவரால் இரண்டு புள்ளிகளை நிறுவி, டோட்டல் ஸ்டேஷனால் உள்ளே எடுத்துச் செல்வதே முறை. அப்படியானால் சார்ஜ் ஏற்ற வேண்டிய கருவிகள் இரண்டாகின்றன.

ஆகவே அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்திலேயே ஒவ்வொரு ரோவருக்கும் உபரி பேட்டரிகள், வாகனச் சார்ஜர், இரு நிறுவனங்களின் சிம், தாங்குகால் ஆகியவற்றைச் சேருங்கள். வட்ட அலுவலகந்தோறும் நிழலும் காற்றோட்டமும் உள்ள சார்ஜ் இடம் ஒதுக்குங்கள். பேட்டரிகளில் வாங்கிய தேதியைப் பொறித்து, தேய்ந்தவற்றை அளவர் கேட்டுக் காத்திராமல் மாற்றிக்கொள்ள ஆண்டுதோறும் நிதி தாருங்கள்.

இப்படிக்கு,
மேற்குப் புறநகர்வாசி