புயலின் இரண்டு ஏடுகள்

'புயலின் நன்மை தீமைகள்' என்று பள்ளியில் கட்டுரை எழுதாதவர் நம்மில் குறைவு. ஒருபுறம் மழை, நிலத்தடி நீர்; மறுபுறம் உயிர்ச்சேதம், பயிர்ச்சேதம்; கடைசியில் இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு முடிவுரை. அந்தக் கணக்கிலேயே பிழை இருக்கிறது என்பது நம் எண்ணம்.

பாலக்கரைக்காரர்களான நமக்குக் கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். வெள்ளம் என்றால் வடக்கே காவிரியைப் பார்த்தே பழகியவர்கள் நாம். 1977 நவம்பரில் அந்தப் பழக்கம் பொய்த்துப் போயிற்று. 12ஆம் தேதி நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயல் உள்நாட்டில் பெருமழையாகக் கொட்ட, நீர் நம் முதுகுப்புறமாக வந்தது. கோரையாறும் குடமுருட்டியும் பெருக்கெடுத்தன. உய்யக்கொண்டான் பாசனத்திற்கு வெட்டிய வாய்க்கால். அவ்வளவு வெள்ளத்தை அதனால் தாங்க இயலவில்லை. உறையூர் உள்ளிட்ட பகுதிகள் மூழ்கின. ஒரு வாரம் கழித்து, 19ஆம் தேதி, ஆந்திரத்தின் திவிசீமையில் இன்னொரு புயல் பல்லாயிரம் பேரைக் கொண்டு போயிற்று. நாட்டின் கவனம் அங்கே திரும்பியது இயல்பே. நம் ஊர்ப் பெரியவர்கள் மட்டும் நெடுநாள் வரை, சுவரில் நீர் நின்ற உயரத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

புயலே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவமழை. அதில் பெரும்பங்கு வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களாலும் புயல்களாலும் கிடைப்பது. 2016இல் அவை நமக்குப் போதிய மழை தரவில்லை. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோதிலும், மாநில அளவில் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. டெல்டாவில் சம்பா கருகியது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. முந்தைய தலைமுறை அஞ்சிய 'தாழ்வு மண்டலம்' என்ற சொல்லுக்காக அந்த ஆண்டு நாம் செய்திகளில் காத்திருந்தோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிப் புதுக்கோட்டை வழியாக மேற்கே நகர்ந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகத்தில் மீளலாம். தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அந்த வாரம் பாலக்கரைத் தேநீர்க் கடையில் "மழையாவது பெய்ததே" என்று பேசிக்கொண்டவர்களில் நாமும் இருந்தோம். அதை நினைக்க இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஏனெனில் நன்மையும் தீமையும் ஒரே ஏட்டில் எழுதப்படுவதில்லை. தோப்பை இழந்தவர் ஒருவர். கிணறு ஊறியவர் இன்னொருவர். இரண்டையும் கூட்டி 'மொத்தத்தில் நன்மையே' என்று சொல்லும் உரிமை, எதையும் இழக்காத நமக்கு இல்லை. எனவே நிவாரணத்தை நாம் தருமமாகக் கருதலாகாது, அது கடன். அடித்த காற்றைத் தாங்கியவருக்கு, அதே புயலின் மழையைப் பெற்றவர் தீர்க்க வேண்டிய கடன். வாழைக்கும் தென்னைக்கும் முறையான காப்பீடும், கன்று காய்க்கும் வரை குடும்பத்திற்கு வருமானமும் அந்தக் கடனில் அடங்கும்.

நாம் தீர்க்க வேண்டிய இன்னொரு கடனும் உண்டு. காற்றை நிறுத்த எவராலும் ஆகாது. ஆனால் அது கொண்டு வரும் நீர் ஏரியில் தங்குமா, வீட்டுக்குள் நுழையுமா என்பதில் நமக்கும் பங்குண்டு. குளங்களைத் தூர்த்து மனைகளாக்கினோம். வாய்க்காலில் சாக்கடையைக் கலந்தோம். பாலக்கரையில் உய்யக்கொண்டான் பாலத்தைக் கடப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைகிறோம். அடுத்த புயலின் நீரும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். புயல் எச்சரிக்கைக்குக் காத்திராமல் அந்த வாய்க்காலைத் துப்புரவாக்கும் வேலையைக் கோடையிலேயே கேட்டுப் பெறுவோம்.