பொம்மைப் படம்தானே?

கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மகள் கைப்பேசியில் பேட்மேன் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், "பொம்மைப் படம்தானேம்மா, அடிச்சிக்குவாங்க, கடைசியில நல்லவன் ஜெயிப்பான். இதுல என்ன இருக்கு?" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. சினிமாவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிற படித்தவர்களும் இதையேதான் நம்புகிறார்கள். சூப்பர் ஹீரோ கார்ட்டூனை ஒரு படைப்பாக எடுத்துவைத்துப் பேசத் தேவையில்லை என்பது அவர்கள் எண்ணம். அவள் அன்று பார்த்த அத்தியாயத்தைக் கொண்டே இதை மறுக்கிறேன்.

'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்' தொடரில் 1992 செப்டம்பரில் வந்த 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' அது. எழுதியவர் பால் டினி, இயக்கியவர் புரூஸ் டிம். விக்டர் ஃப்ரீஸ் என்ற விஞ்ஞானியின் மனைவி நோராவுக்குத் தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கும்வரை அவளை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான். செலவு கூடுகிறது என்று கம்பெனி முதலாளி ஃபெரிஸ் பாயில் ஆட்களோடு வந்து ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்கிறான். கைகலப்பில் ரசாயனங்களுக்குள் உதைத்துத் தள்ளப்பட்ட விக்டர் பிழைக்கிறான். ஆனால் உறைகுளிருக்கு வெளியே இனி அவனால் உயிர்வாழ முடியாது. குளிர்க் கவசத்துக்குள் அடைபட்டு, 'மிஸ்டர் ஃப்ரீஸ்' ஆகிப் பழிவாங்கக் கிளம்புகிறான். அந்த முதலாளிக்கோ அதே ஊரில் மனிதநேய விருது கொடுக்கிறார்கள்.

நல்லவன், கெட்டவன் என்று கோடு கிழித்துவிடுகிற கதை என்பது முதல் குற்றச்சாட்டு. இந்தக் கதையில் அந்தக் கோட்டை எங்கே போடுவது? சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஃப்ரீஸ்தான். கொலைக்குச் சமமான காரியத்தைச் செய்தவன் விருது மேடையில் நிற்கிறான். நடந்ததைப் பதிவு செய்த ஒளிநாடாவை பேட்மேன் தனியே பார்க்கும் காட்சியில், யாரைத் தடுக்க வந்தோமோ அவன் பக்கம்தான் நியாயம் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகும் தடுத்தே ஆகவேண்டும். ஒரே மனசுக்குள் நடக்கிற இந்த இழுபறிதான் கதை. சண்டையெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

22 நிமிடத்தில் என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்கிறார்கள். குளிரால் தாக்குகிறவனோடு மோதி பேட்மேனுக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆல்ஃபிரட், ஃபிளாஸ்க்கில் சூடாகக் கோழி சூப் ஊற்றிக் கொடுத்தனுப்புகிறார். சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். கடைசியில் அந்தச் சூப்தான் ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசத்தில் கொட்டி அதை நொறுக்குகிறது. எரிகிற அரிக்கேன் விளக்கின் சிம்னியில் மழைத்துளி பட்டால் பட்டென்று விரிசல் விடுவதைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர், இங்கே உறைந்த கண்ணாடியில் சூடு. அக்கறையோடு கொடுத்த ஒரு வாய் சூப், அக்கறைக்கு ஆளில்லாமல் போனவனை வீழ்த்துகிறது. இதை வசனத்தில் யாரும் சொல்லவில்லை.

கொஞ்சம் கவலையோடு சொல்லப்படுவது அடுத்தது. கெட்டவனுக்குக் கண்ணீர்க்கதை கொடுத்தால் பிள்ளைகள் கெட்டதை நியாயம் என்று எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். பெற்றவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அத்தியாயத்தைப் பாருங்கள். ஃப்ரீஸின் துப்பாக்கி குறி தவறி அவனுடைய ஆள் ஒருவனையே உறையவைக்கிறது. அவனை அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறான் ஃப்ரீஸ். எதிராளியின் அந்தக் கூலியாளைத் தூக்கிவந்து வைத்தியம் பார்க்கிறவன் பேட்மேன். ஒருவனுடைய துக்கம் உண்மை என்பதும், அந்தத் துக்கம் அவனை ஈரமற்றவனாக்கிவிட்டது என்பதும் இங்கே பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கின்றன. பழி வாங்கியவன் சிறைக்குப் போகிறான். பாயில் இடுப்பளவு பனியில் உறைந்து நிற்க, ஒளிநாடா செய்தியாளர் கைக்குப் போகிறது.

இதெல்லாம் அமெரிக்கக்காரன் மனசு, நமக்கு ஒட்டாது என்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கிற பூமி இது. இரவிரவாகக் கூத்துக் கட்டி, கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணில் மல்லாந்து கிடக்கும் பெரிய துரியோதனன். பீமன் தொடையைப் பிளக்கிறான். பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறாள். நியாயம் ஜெயித்துவிட்டது. ஆனாலும் அந்த மண் உடம்பைச் சுற்றி ஒப்பாரி எழுகிறது. அழுகிறவர்கள் யாரும் துரியோதனன் செய்தது சரி என்று சொல்வதில்லை. சாயங்காலம் அவர்களே பாஞ்சாலிக்கு நேர்ந்துகொண்டு தீ மிதிக்கிறார்கள். கர்ண மோட்சம் ஆடும் இரவில் தோற்கப்போகிறவன் பக்கம் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறோம். எதிராளியின் துக்கத்துக்குக் காது கொடுப்பதை நமக்கு ஹாலிவுட் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. அதனால்தான் ஃப்ரீஸ் நமக்கு அந்நியனாகத் தெரிவதில்லை.

கூத்தோடு வைத்துப் பார்க்கும்போது இந்த அத்தியாயத்தின் குறையும் தெரிகிறது. நோராவுக்கு ஒரு வார்த்தை கிடையாது. கண்ணாடிக்குள் உறைந்த முகம், கண்ணாடி உருண்டைக்குள் சுழலும் நடன பொம்மை, அவ்வளவுதான். கர்ண மோட்சத்தில் பொன்னுருவி கர்ணனோடு வாதாடுகிறாள், இகழ்கிறாள், போருக்குப் போகிறவனுக்காகத் துடிக்கிறாள். மனைவிக்காக எரிகிற கதையில் அந்த மனைவி யார் என்று நமக்குத் தெரியாமலே போவது பெரிய குறைதான். இப்படி ஒரு குறையைச் சொல்ல முடிகிறதே, அதுவே இதை விமர்சிக்கத் தகுந்த படைப்பு என்று காட்டுகிறது.

பொம்மைப் படம் காமிக்ஸின் மலிவு நகல் என்பதைச் சட்டென்று முடித்துவிடலாம். 1959இல் காமிக்ஸில் 'மிஸ்டர் ஜீரோ' என்ற பெயரில் வந்தபோது இவன் பனித்துப்பாக்கி வைத்திருந்த ஒரு திருடன், அவ்வளவே. நோராவைக் கொடுத்தது இந்தத் தொடர். பிறகு காமிக்ஸ் அதை எடுத்துக்கொண்டது; 1997இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' சினிமாவும் எடுத்துக்கொண்டது. இந்தத் தொடரின் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் தீட்டினார்கள், இருட்டிலிருந்து வெளிச்சம் பிறக்கும்படி. சிறுவர்களுக்குத்தானே என்று யாரும் அலட்சியமாக வேலை செய்யவில்லை.

சண்டையைத் தவிர ஒன்றுமில்லாத கார்ட்டூன்கள் ஏராளம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சண்டையைத் தவிர ஒன்றுமில்லாத சினிமாக்களுக்கும் நாம் விமர்சனம் எழுதுகிறோமே.

கடைசிக் காட்சியில் ஃப்ரீஸ் உறைகுளிர் அறைக்குள் உட்கார்ந்து, கையிலிருக்கும் அந்தப் பொம்மையிடம் மன்னிப்புக் கேட்கிறான். அண்ணன் மகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த முதலாளிய ஜெயில்ல போட்டாங்களா சித்தப்பா?" என்று கேட்டாள். படத்தில் அதைக் காட்டவில்லை என்றேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மல்லாட்டையைக் கீழே வைத்துவிட்டு, "எந்த முதலாளிம்மா? என்ன பண்ணான்?" என்றார்.