ஒரு தேத்தண்ணிக்கு 88 சதம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதி, வளாகத்தைத் தாண்டியதும் மலையேறத் தொடங்கி, கலஹா, தெல்தோட்டை என்று தேயிலைக்குள்ளேயே போய்விடுகிறது. அந்த மலைகளில் இன்னும் உள்ளே போனால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இந்த நாட்டின் தேயிலைத் தொழிலைத் தொடக்கிவைத்த தோட்டம். வளாகத்துக்குப் பின்னால் எழும் ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. பல்கலைக்கழகம் 1952இல் வந்து குடியேறிய நிலத்திலும் முன்பு தேயிலை விளைந்ததுண்டு. இப்படி நாலாபுறமும் தேயிலை சூழ்ந்த இடத்தில், சிற்றுண்டிச்சாலையில் ஊற்றித் தரும் தேத்தண்ணியின் தூள் எந்தத் தோட்டத்துக் கொழுந்து, அதைப் பறித்தவருக்கு அன்று முழு நாட்சம்பளமான முழுப்பேர் விழுந்ததா, பாதியான அரைப்பேர் விழுந்ததா என்று கேட்டால் சொல்வதற்கு ஆளில்லை. கேட்பதற்கும் ஆளில்லை என்பதுதான் என் கவலை. சாப்பாட்டு விலைக்காகப் போராடத் தெரிந்த நம் மாணவர் சங்கங்கள், அந்தச் சாப்பாடு வந்த வழியையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதைத் தேயிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

வளாகச் சிற்றுண்டிச்சாலைகள் பற்றி மாணவர் எழுப்பிவந்த குரல் பெரும்பாலும் விலையையும் தரத்தையும் பற்றியது. அது நியாயமான குரல். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கியதைக் கிட்டத்தட்ட இருநூறு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. மகாபொல புலமைப்பரிசில் 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்ந்தது 2025இல்தான். அதை 30 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 250 ரூபா. மூன்று வேளைச் சோற்றுக்கே அது காணவில்லை. ஆனால் விலையை இறக்கு என்று மட்டும் சொல்லி நெருக்கும்போது, குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் தன் லாபத்தில் கைவைப்பதில்லை. கிடைப்பதில் மலிவான சரக்கைத் தேடிப் போகிறார். தேயிலையில் அந்த மலிவுக்கு அடிமட்டமே கிடையாது. தொழிற்சாலையில் ஒதுக்கப்படும் கழிவுத் தேயிலையைக் கையாளச் சட்டமும் அனுமதிப்பத்திரமும் இருந்தும், அதைத் தூளோடு கலந்து விற்பவர்களைத் தேயிலைச் சபை அவ்வப்போது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. தூள் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரை, பறித்தவர் மட்டுமல்ல, குடிப்பவரும் ஏமாறுகிறார்.

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்து வென்ற மாணவர்கள் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இமோக்கலீ என்ற ஊரில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள், 32 இறாத்தல் கொண்ட ஒரு வாளிக்கு 40 முதல் 45 சதம் வரைதான் கூலி பெற்றுவந்தார்கள். இறாத்தலுக்கு ஒரு சதம் கூட்டிக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டது தோட்ட முதலாளிகளிடம் அல்ல, அந்தத் தக்காளியை வாங்கும் டாக்கோ பெல் என்ற உணவகத் தொடரிடம். டாக்கோ பெல்லுக்கு எதிராக 2001இல் அவர்கள் தொடங்கிய புறக்கணிப்பைப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுபோனவர்கள் மாணவர்கள். இருபதுக்கு மேற்பட்ட கல்வி நிலையங்களில் அந்தக் கடை வெளியேற்றப்பட்டது, அல்லது உள்ளே வரவிடாமல் தடுக்கப்பட்டது. 2005 மார்ச்சில் நிறுவனம் இணங்கியது. இறாத்தலுக்கு ஒரு சதம் என்றால் வாளிக்கு 32 சதம்; பறிப்பவருக்கு அது முக்கால் பங்கு கூலி உயர்வு, சாப்பிடுபவருக்கோ கண்ணில் படாத தொகை. அந்த மாணவர்கள் வென்றதற்குக் காரணம் நல்லெண்ணம் மட்டுமல்ல. கூலி எவ்வளவு, அது விலையில் எவ்வளவு என்ற கணக்கை அவர்கள் கையில் வைத்திருந்தார்கள்.

அந்தக் கணக்கை நமது தேத்தண்ணிக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் பேருக்குத் தோட்டங்கள் கேட்கும் கொழுந்து பெரும்பாலும் 18 கிலோ, அல்லது அதற்குச் சற்று மேலே. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்தால் ஒரு கிலோ தூள். ஆக ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பு நான்கு கிலோ தூள். கோப்பைக்கு இரண்டு கிராம் வைத்தால் அது 2000 தேத்தண்ணி. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அறிவித்த நாட்சம்பளம் 1750 ரூபா. அதை 2000ஆல் வகுத்தால் ஒரு தேத்தண்ணியில் பறித்தவரின் பங்கு 88 சதத்தைக்கூட எட்டவில்லை. அவர் சம்பளத்தை அப்படியே இரட்டிப்பாக்கினாலும் தேத்தண்ணி விலை கூடுவது இன்னொரு 88 சதம். கவ்வாத்து வெட்டுபவர், உரம் போடுபவர், தொழிற்சாலையில் நிற்பவர் ஆகியோரையும் சேர்த்தாலும் இரண்டு ரூபாவுக்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். தேத்தண்ணி விலையை மாதாமாதம் ஏற்றிவிடும் சீனி, எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது ஒரு பாரமே அல்ல.

அந்த 1750 ரூபாவும் முழுதாகத் தேயிலையிலிருந்து வருவதில்லை. ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. 2024 செப்டெம்பரில் அது 1350 ஆனது. இப்போதைய 1750இல் 1550 ரூபாதான் நிர்வாகம் கொடுப்பது. வருகைக் கொடுப்பனவான 200 ரூபாவை அரசாங்கம் திறைசேரியிலிருந்து போடுகிறது. தேயிலை வாங்குபவர் கொடுக்க வேண்டியதை வரி கட்டுபவர் கொடுக்கிறார். சரி, அந்தத் தொகையாவது கைக்கு வருகிறதா என்றால், கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் இரண்டு மூன்று கிலோவைக் கழித்துவிட்டே எழுதும் வழக்கம் பற்றித் தொழிலாளர்கள் காலங்காலமாக முறையிட்டுவருகிறார்கள். காலை முதல் மலையில் நின்றவர், கழித்த பிறகு 16 கிலோ என்றால் அரைப்பேர், சம்பளம் பாதி. கைக்காசுக்கு, அதாவது பறித்த கிலோவுக்கு மட்டும் காசு வாங்கிப் பறிப்பவருக்குப் பேரே கிடையாது, எனவே சேமலாப நிதியும் கிடையாது. கண்டி மாவட்டத்தின் நிலைமை இன்னும் மோசம். இங்கே பல தோட்டங்கள் அரச நிறுவனங்களான ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்கின்றன. தொழிலாளரிடம் பிடித்த 8 சதவீதத்தையும் தாம் போட வேண்டிய 12 சதவீதத்தையும் சேமலாப நிதிக்குச் செலுத்தாமல் அவை ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்திருப்பது பாராளுமன்றத்தில் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட விடயம். ஓய்வு பெற்ற ஒரு தாய் தன் சொந்தக் காசுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது இந்த மாவட்டத்தில்தான் நடக்கிறது.

மாணவரே கஷ்டத்தில் இருக்கும்போது அவர் தலையில் இன்னொரு சுமையா என்று ஒருவர் கேட்கலாம். இரண்டு ரூபா என்பதுதான் என் முதல் பதில். ஆனால் அந்தக் கேள்விக்கு உள்ளே, மாணவரும் தொழிலாளியும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்ற எண்ணம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, ஆயிரம் ரூபா கேட்டுக் கறுப்புச் சட்டையுடன் காலிமுகத்திடலில் கூடியவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள்; படித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோதும், தமிழர் அல்லாதவர்களும் கூட நடந்தார்கள். விலையை இறக்கு என்ற குரலும் கூலியை ஏற்று என்ற குரலும் மோதிக்கொள்ளத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று கணக்குக் கேட்பதே இரு தரப்புக்கும் பொதுவான வேலை.

தேயிலைத் தொழிலை அறிந்தவர்கள் சொல்லும் தடை வேறு. தூள் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது, அங்கே வாங்குபவர் பல தோட்டத்துத் தூளைக் கலக்கிறார், பொதியில் வருவது கலவை, அதில் தோட்டத்தை எங்கே தேடுவது என்பார்கள். உண்மைதான், பொதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஏலத்துக்குப் போகும்வரை ஒவ்வொரு மூட்டைக்கும் தோட்டத்தின் பெயர்க்குறி உண்டு. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தேயிலைச் சபையின் பதிவிலக்கம் உண்டு. ஏற்றுமதிக்குப் போகும் தூளின் ஊரையும் உயரத்தையும் சொல்லி விற்கத் தெரிந்த தொழில் இது. வெளிநாட்டுக்காரருக்குச் சொல்ல முடிவதைப் பேராதனை மாணவருக்குச் சொல்ல முடியாது என்றால், காரணம் வசதியின்மை அல்ல, யாரும் கேட்காததுதான். தவிரவும், பல்கலைக்கழகத்துக்குக் கலவைத் தூள்தான் வேண்டும் என்று விதியில்லை. ஒரே தொழிற்சாலையின் தூளைக் கேட்டு வாங்கலாம். கண்டியைச் சுற்றிச் சிறுதோட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து இயற்கைமுறையில் விளைவித்து, நியாய வர்த்தக முத்திரையோடு ஐரோப்பாவுக்குத் தேயிலை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தூள் இங்கிலாந்து மாணவரின் கோப்பைக்குப் போய்ச் சேர்கிறது. ஒக்ஸ்போர்ட் புறூக்ஸ் பல்கலைக்கழகம் 2003லேயே நியாய வர்த்தகப் பல்கலைக்கழகமானது. அந்தச் சிறுதோட்டங்களுக்குப் பக்கத்திலிருக்கும் பேராதனையில் அப்படி ஒரு பேச்சே எழவில்லை.

முத்திரையை நம்பலாமா என்ற ஐயத்தை நான் மதிக்கிறேன். சான்றிதழ் சுவரில் தொங்கும் தோட்டத்திலும் மக்கள் இருநூறு ஆண்டு பழைய வடிவிலான லயத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் மாணவர்கள் முத்திரையைக் கேட்பதைவிடப் பதில்களைக் கேட்பது நல்லது: சேமலாபம் இன்றுவரை கட்டப்பட்டிருக்கிறதா, மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கப்பட்டது, நிறுவையில் எவ்வளவு கழிக்கப்படுகிறது, பிள்ளை மடுவம் திறந்திருக்கிறதா. இந்தப் பதில்களைச் சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர் வரத் தேவையில்லை. கலஹாவிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி எடுத்தால் தெரிந்துவிடும். மோசமான பதில் வந்தால் அந்தத் தோட்டத்தை உடனே கைவிட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். வாங்குவதை நிறுத்தினால் முதலில் அடிபடுவது அதே தொழிலாளியின் பேர்தான். திருத்துவதற்கு ஒரு தவணை கொடுத்து, அதற்குப் பிறகும் அசையாத நிர்வாகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

நாட்டின் தேயிலை உற்பத்தி ஆண்டுக்கு 25 கோடி கிலோவுக்கு மேல். பேராதனையின் பத்தாயிரம் மாணவர் நாளுக்கு இரண்டு கோப்பை குடித்தாலும் 40 கிலோ, அதாவது பத்துப் பெண்களின் ஒரு நாள் கொழுந்து. இது கடலில் கரைத்த பெருங்காயம் என்று சொல்பவர்களுக்கு அளவில் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அரச பல்கலைக்கழகம் ஒன்று ஒரு நிபந்தனையை எழுதிவிட்டால், அதைப் பார்த்து எழுத மற்றப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வைத்தியசாலைகளும் படை முகாம்களும் இருக்கின்றன. இவையெல்லாம் பொதுப்பணத்திலும் பொது இடத்திலும் குடிக்கப்படும் தேத்தண்ணிகள். தோட்டத்தை நடத்துவதும் அரசு, தேயிலையை வாங்குவதும் அரசு என்றிருக்கும்போது, சேமலாப நிலுவையைக் கேட்க வாங்கும் கைக்கு உரிமை உண்டு.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. சிற்றுண்டிச்சாலைகளுக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது சுத்தம் பற்றியும் விலை பற்றியும் நிபந்தனை போடுகிறார்கள். அதோடு இன்னொன்று: தேயிலை வாங்கிய பற்றுச்சீட்டை, தொழிற்சாலையின் பெயரோடும் பதிவிலக்கத்தோடும், மாதம் ஒருமுறை விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். முதலாண்டில் ஒரே ஒரு சிற்றுண்டிச்சாலை போதும். கலஹா வீதியோரமாக இருப்பதாக இருந்தால் நல்லது. அங்கே நாளைக்கு ஆயிரம் தேத்தண்ணி போகிறது என்று வைத்துக்கொண்டால் தேவை இரண்டு கிலோ தூள், ஒரு பெண்ணின் அரை நாள் வேலை. அந்த இரண்டு கிலோவுக்குரிய பெயரை அடுத்த கேள்விப்பத்திரத்திலேயே கேட்க வேண்டும் என்று மாணவர் சங்கம் இந்தத் தவணை எழுதிக் கொடுக்கலாம்.